நாய் கவ்விய பந்து

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ரயிலில் போவதை ஒரு யாத்திரை என்று சொல்ல யாரும் துணியமாட்டார்கள். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நாலு ஸ்டேஷன்களின் பெயர்ப் பலகைகளை வாசித்து முடிப்பதற்குள் திண்டிவனம் வந்து விடுகிறது. வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தவர் அதை நிதானமாகத் தின்று முடிக்கக்கூட அவகாசம் இராது. ஆனால் 2024-ஆம் வருஷம் டிசம்பர் மாத ஆரம்பத்தில் இந்தச் சிறு பிரயாணமும் நடவாத காரியமாகி விட்டது. நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செண்டிமீட்டர் மழையைக் கொட்டித் தீர்த்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே உள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டவே, வண்டிகள் நின்று போயின. வெள்ளம் வடிந்து, ரயில் பழையபடி ஓடத் தொடங்கிச் சில நாள் கழிந்த பிறகே, திண்டிவனத்து நண்பர் ஒருவரைப் பார்த்து வர நாம் புறப்பட்டோம்.

நண்பர் வீட்டில் மூன்று தலைமுறையினர் இருக்கிறார்கள்: அவருடைய தாயார், அவரும் அவர் மனைவியும், நாலு வயதுப் பெண் குழந்தை. நாலாவதாக ஒரு தலைமுறையும் உண்டு. அதன் பெயர் மணி. மணிக்குச் சாதி, குலம் ஒன்றும் கிடையாது. தெருவில் பிறந்து வீட்டில் வளர்ந்த நாய். நாம் எப்போது போனாலும் வாசற்படியிலேயே வாயில் ஒரு ரப்பர் பந்தைக் கவ்விக்கொண்டு, "வந்த காரியம் கிடக்கட்டும், முதலில் இதை எறியுங்கள்" என்று சொல்லாமல் சொல்வது அதன் வழக்கம். அன்றைக்கோ மணி எழுந்திருக்கவில்லை. திண்ணை ஓரத்தில் சாக்கின்மேல் சுருண்டு கிடந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாய் ஒழுகிக்கொண்டிருந்தது. நம்மைப் பார்த்து வாலை ஒரே ஒரு முறை அசைத்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது.

"வாப்பா, உட்கார்" என்றார் நண்பரின் தாயார். "சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று உன் சிநேகிதன் செய்த வேலையைப் பார்த்தாயா?"

நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். சங்கதி இதுதான். வெள்ளம் முற்றத்துக்குள் முழங்கால் அளவு புகுந்தபோது, மணியின் ஆஸ்தி அத்தனையும் அதில் மிதந்தது. ரப்பர் பந்து, முடிச்சுப் போட்ட கயிறு, அழுத்தினால் 'கீச்' என்று கத்தும் பிளாஸ்டிக் வாத்து, பஞ்சு அடைத்த துணிக் குரங்கு ஆகியவையே அந்த ஆஸ்தி. தண்ணீர் வடிந்த பிறகு சேற்றிலிருந்து ஒவ்வொன்றாக அவை அகப்பட்டன. குழந்தை ஓடிப்போய்ப் பந்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். சாக்கடையும் மழை நீரும் ஒன்றாய்க் கலந்து ஓடிய வெள்ளம் அது என்பதை நினைத்த நண்பருக்குக் குலை நடுங்கியது. வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்சல் வரும் என்பதைக் கேட்டறிந்தவர் அவர். உடனே கறுப்புப் பினாயில் புட்டியை எடுத்தார். தண்ணீர் சேர்த்தால் வீரியம் குறைந்துவிடுமென்று எண்ணி, அப்படியே வாளியில் கவிழ்த்து, சாமான்களையெல்லாம் இரவு முழுவதும் அதிலேயே ஊறப் போட்டார். காலையில் ஒரு தரம் அலசி மணியிடம் கொடுத்தார். மணி கயிற்றை ஒரு மணி நேரம் கடித்து மென்றது. அப்புறம் வாந்தி, ஓயாத எச்சில், வாய்க்குள் புண். பினாயிலில் உள்ள தார்ச் சரக்குகள் நாயின் நாக்கையும் தொண்டையையும் வேகவைக்கக் கூடியவை. அலசியதில் கயிற்றின் மேற்புறந்தான் சுத்தமாயிற்று. உள்ளே ஒவ்வொரு இழையும் விஷத்தைக் குடித்து வைத்திருந்தது.

நல்ல வேளையாக, நண்பர் அதற்குமேல் தப்புச் செய்யவில்லை. விரலை விட்டோ, உப்பைக் கரைத்துப் புகட்டியோ மேலும் வாந்தி எடுக்க வைக்காமல், வாயைச் சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு, பினாயில் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினார். அது மிகவும் சரியான காரியம். தொண்டையை ஒரு தரம் சுட்டுக்கொண்டு இறங்கிய சரக்கு, வாந்தியோடு மேலே வந்தால் இரண்டாந்தரமும் சுடும். புட்டியின்மேல் ஒட்டிய காகிதத்தைப் படித்தால், எந்த விஷத்தோடு போராடுகிறோம் என்பது வைத்தியருக்குத் தெரிந்துவிடும். நாம் போன அன்று மணிக்கு மூன்றாம் நாள். கஞ்சி இறங்கத் தொடங்கியிருந்தது.

ரயிலில் திரும்பி வரும்போது நமக்கு ஒரே யோசனை. அன்பில் குறைவில்லை, அக்கறையில் குறைவில்லை. ஆயினும் பிராணன் போக இருந்தது. காரணம், நாயின் விளையாட்டுச் சாமானை எப்படிச் சுத்தம் செய்வது என்பதை நமக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. வெள்ளிப் பாத்திரம் துலக்குவது தெரியும். பட்டுப் புடவை அலசுவது தெரியும். ஊறுகாய் ஜாடியைக் காய வைப்பது தெரியும். நாய்ப் பந்து எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. ஆகவே இந்த வாரம் அதைப்பற்றியே எழுதிவிடுவதென்று தீர்மானித்தோம். 'வேறு விஷயம் அகப்படவில்லையா?' என்று கேட்கும் வாசகர்கள், தங்கள் வீட்டு நாயை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு மேலே படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நாயை மதிப்பது நமக்குப் புதிதன்று. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மண்டகப்பட்டில் செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் பாறையைக் குடைந்து கோயில் எடுத்த மகேந்திரவர்ம பல்லவனை எல்லோரும் அறிவார்கள். அவனுடைய ஆட்சிக் காலத்திலேயே, இப்போது திருவண்ணாமலை ஜில்லாவில் உள்ள எடத்தனூரில் ஒரு நடுகல் எழுந்தது. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட வீரன் ஒருவனுக்கு நட்ட கல் அது. அந்த வீரனின் பக்கத்தில் ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். எஜமான் விழுந்த பிறகும் இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லிலேயே பொறித்து வைத்தார்கள். சுமார் 1,400 வருஷங்களுக்கு முன்பு நாய்க்குக் கல்லில் பெயர் வெட்டிய நாட்டில், அதன் பந்தைக் கழுவுவதைக் கௌரவக் குறைவாக நினைக்க ஒருவருக்கும் நியாயமில்லை.

நிற்க. நாயின் பந்தில் அப்படி என்னதான் அழுக்கு இருக்கிறது? 2011-ஆம் வருஷம் அமெரிக்காவில் என்.எஸ்.எஃப். என்னும் ஸ்தாபனத்தார் 22 குடும்பங்களின் வீடுகளில் அன்றாடம் கை படும் சாமான்களைத் துடைத்து எடுத்துக் கிருமிப் பரிசோதனை செய்தார்கள். முதல் இடம் கழிப்பறைக்குக் கிடைக்கவில்லை. பாத்திரம் தேய்க்கும் பஞ்சுக்கே கிடைத்தது! வீட்டுப் பிராணிகளின் சாப்பாட்டுப் பாத்திரமும் விளையாட்டுச் சாமானும் முதல் பத்துக்குள் இடம் பெற்றன. கழிப்பறையை அழுக்கென்று நினைத்துத் தினம் தேய்க்கிறோம். பந்தை அழுக்கென்று நினைப்பதில்லை. ஆகவே தொடுவதும் இல்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பந்தைக் கையில் எடுத்தால் வழவழவென்று ஒரு படலம் தட்டுப்படும். பலர் அதை எச்சில் என்றே எண்ணுகிறார்கள். எச்சில் அரை மணியில் காய்ந்துவிடும். காயாமல் வழுக்குவது, கிருமிகள் ஒன்றுகூடித் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொண்ட கோட்டை. அந்தக் கோட்டை இருக்கும் வரையில் மேலே எந்த மருந்தை ஊற்றினாலும் உள்ளே இருப்பவை பத்திரமாக இருக்கும். அதைத் தகர்க்கக் கூடிய ஆயுதம் சோப்பும், வெந்நீரும், நாரோ பிரஷோ கொண்டு தேய்க்கும் கையும்தான். சுத்தம் செய்வது வேறு, கிருமியைக் கொல்வது வேறு. முன்னது இல்லாமல் பின்னது இல்லை. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

மிருக வைத்தியர்கள் அஞ்சுகிற சத்துருக்கள் முக்கியமாக மூன்று.

முதலாவது, வெள்ள காலத்தில் தலையெடுக்கும் எலிக் காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்னும் நுண்ணுயிர் எலியின் சிறுநீரோடு வெளிவந்து, தேங்கிய நீரிலும் ஈரமான சேற்றிலும் வாழும். நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும்; கால் வெடிப்பின் வழியாகவும், கண், வாய் வழியாகவும் உள்ளே புகும். கடுங் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிலருக்குக் காமாலை ஆகியவை அதன் அடையாளங்கள். 1886-ஆம் வருஷம் வைல் என்னும் ஜெர்மானிய வைத்தியர் இந்நோயை விவரித்தார். ஆனால் இந்தக் கிருமிக்கு ஒரு பலவீனம் உண்டு: உலர்ந்தால் செத்துவிடும். சோப்பும் வெயிலும் அதற்கு எமன்.

இரண்டாவது, பார்வோ வைரஸ். 1978-ஆம் வருஷம் உலகத்தின் கவனத்துக்கு வந்த நோய் இது. குட்டிகளுக்கு இரத்தக் கழிச்சல் கண்டு, இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். மனிதரைத் தொற்றாது. ஆனால் தரையிலும் சாமானிலும் மாதக் கணக்கில் உயிரோடிருக்கும். சாதாரண சோப்பு இதைக் கொல்லாது, குளோரின் கொல்லும். முன்பு வளர்த்த குட்டி இந்நோயில் இறந்திருந்தால், அதன் சாமான்களைப் புதுக் குட்டிக்குக் கொடுப்பது சீதனமாகாது. எவ்வளவு பிரியமான நினைவுச் சின்னமானாலும் துணியும் கயிறும் நெருப்புக்கே உரியவை. புதுக் குட்டிக்குத் தடுப்பூசி முடியும் வரையில் புதுச் சாமானே கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, உருண்டைப் புழு. முக்கியமாகக் குட்டி நாயின் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் ஆயிரக் கணக்கில் வெளிவரும். ஒட்டிக்கொள்ளும் சுபாவமுள்ளவை, பந்து மண்ணில் உருளும்போது அதில் ஏறிக்கொள்ளும். குழந்தை பந்தைத் தொட்டு விரலை வாயில் வைத்தால் வயிற்றுக்குள் போகும். குஞ்சு பொரித்து ஈரலிலும், அபூர்வமாகக் கண்ணிலுங்கூடப் போய்த் தங்கும். கண் பார்வைக்கே ஆபத்து. குளோரின் இம்முட்டைகளைக் கொல்வதில்லை. கொதிக்கும் நீர் கொல்லும். ஆயினும் நமக்குச் சாதகமாக ஒரு விஷயம் இருக்கிறது. வெளிவந்த அன்றே முட்டை தொற்றாது. மண்ணில் இரண்டு முதல் நாலு வாரம் கிடந்து பக்குவப்பட்ட பிறகே தொற்றும். ஆகவே மலத்தை அன்றாடம் அப்புறப்படுத்தி, பந்தை வாரந்தோறும் தேய்த்துக் கழுவும் வீட்டில் இந்தப் புழுவின் வமிசம் விருத்தியடைவது கஷ்டம். நாய்க்கு வைத்தியர் சொல்லும் காலத்தில் பூச்சி மருந்து கொடுத்துவிட்டால் இன்னும் விசேஷம்.

வெறிநாய்க் கடியைப் பற்றி ஒரு வார்த்தை. பந்தினால் அந்நோய் பரவுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த வைரஸ் வெளியே உலர்ந்தால் சீக்கிரம் நசிக்கும். சோப்பைக் கண்டால் அழியும். அது வருவது கடியினாலும் கீறலினாலும், புண்ணின்மேல் எச்சில் படுவதாலும் ஆகும். அப்படி நேர்ந்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பாஸ்டர் முதன்முதலாக 1885-ஆம் வருஷம் ஜூலை 6-ஆம் தேதி ஒரு சிறுவனுக்கு அந்த ஊசியைப் போட்டார். நம் நாட்டில் குன்னூரில் 1907-ஆம் வருஷம் முதல் அவர் பெயரால் ஒரு ஸ்தாபனம் இருந்து வருகிறது. ஆகவே மஞ்சளையும் மிளகாயையும் கடிவாயில் அப்பிவிட்டு உட்கார்ந்திருக்க ஒருவருக்கும் காரணமில்லை.

இனி, செய்முறை. வீட்டில் இருக்கும் சாமான்களை முதலில் தரையில் பரப்பி, மூன்று குவியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கழுவிக் காப்பாற்றக் கூடிய கெட்டிச் சாமான்கள், துவைக்கக் கூடிய துணிச் சாமான்கள், தூர எறிய வேண்டியவை.

கெட்டி ரப்பர், கெட்டிப் பிளாஸ்டிக் சாமான்களை வாசனையில்லாத பாத்திரச் சோப்பும் கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீரும் கலந்த வாளியில் கால் மணி நேரம் ஊற விடுங்கள். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷினால் இடுக்கு, பொந்து, வரி எல்லாவற்றையும் தேயுங்கள். நாய்க்கென்று ஒரு பிரஷ், ஒரு வாளி தனியே வைத்துக்கொள்வது உத்தமம். உள்ளே தீனி அடைத்துக் கொடுக்கும் ரப்பர்ச் சாமானாயிருந்தால், புட்டி கழுவும் பிரஷை உள்ளே விட்டுத் தேய்க்க வேண்டும். அதை ஒவ்வொரு முறை உபயோகித்த பிறகும் கழுவ வேண்டும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசுங்கள். கனமான ரப்பராயிருந்தால் கொதிக்கும் நீரைத் தாராளமாக மேலே ஊற்றி, ஆறும் வரை அதிலேயே விடலாம். மெல்லிய பிளாஸ்டிக் கொதிநீரில் கோணிக்கொள்ளும். அதற்கு வெந்நீரே போதும்.

துணிச் சாமான்களைச் சூடான சோப்பு நீரில் துவைத்து, நன்றாய்ப் பிழிய வேண்டும். சலவை யந்திரம் உள்ளவர்கள் பழைய தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி, 60 டிகிரிச் சூட்டில் ஓட்டலாம். வாசனைத் திரவியமும் துணியை மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். நமக்கு மல்லிகை மணக்கும். அதையே மென்று விழுங்கப் போகிற நாய்க்கு வயிறு வலிக்கும். உள்ளே அடைத்த பஞ்சு முழுவதும் காயாவிட்டால் இரண்டே நாளில் பூஞ்சக் காளான் பிடித்துவிடும். மழைக் காலத்தில் துணிக் குரங்குக்கு விடுமுறை கொடுத்துவிட்டு, ரப்பர்ப் பந்தை மாத்திரம் வெளியே விடுவது புத்திசாலித்தனம்.

மேலே சொன்னவை வாராந்தரச் சுத்தம். வெள்ள நீர் பட்டாலோ, நாய்க்குக் கழிச்சல் கண்டாலோ, அயலார் நாய் வந்து கடித்து விளையாடினாலோ, கெட்டிச் சாமான்களைக் கழுவிய பிறகு பிளீச்சிங் பவுடர்க் கரைசலில் முக்க வேண்டும். ஒரு லிட்டர் குளிர்ந்த நீருக்குப் புதுப் பவுடர் 5 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. நன்றாய்க் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, தெளிந்த நீரை மாத்திரம் வேறு வாளியில் இறுத்துக்கொள்ளுங்கள். புட்டியில் விற்கும் வெளுப்புத் திரவமாயிருந்து, அதன்மேல் நூற்றுக்கு ஐந்து பங்கு வீரியமென்று கண்டிருந்தால், ஒரு லிட்டருக்கு 30 மில்லி போதும். சாமான் முழுகும்படி 10 நிமிஷம் வைத்து எடுத்து, வாசனை முற்றும் போகும் வரை அலசிக் காய வைக்க வேண்டும். இந்தக் கரைசல் நாளுக்கு நாள் வீரியம் இழக்கும். அன்றன்று செய்து அன்றன்று கொட்டிவிட வேண்டும். காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு, குழந்தையையும் நாயையும் உள்ளே கட்டி வைத்துவிட்டுச் செய்வது நலம்.

இதன் பூர்வோத்தரமும் தெரிந்துகொள்ளத் தக்கது. 1847-ஆம் வருஷம் வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் தாய்மார்கள் ஜுரத்தில் மடிவதைக் கண்டு மனம் பொறாத ஸெம்மல்வைஸ் என்னும் வைத்தியர், டாக்டர்கள் எல்லோரும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வேண்டுமென்று உத்தரவு போட்டார். மரணம் சட்டென்று குறைந்தது. பெரிய டாக்டர்கள் அவரைப் பரிகசித்தார்கள். இருபது வருஷம் கழித்து, 1867-இல், லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் ரண சிகிச்சையைச் சுத்தப்படுத்தும் முறையை வெளியிட்டார். நம் வீட்டுக் கறுப்புப் பினாயில் அந்தக் கார்பாலிக் அமிலத்தின் தாயாதி. தரைக்கும் சாக்கடைக்கும் ஏற்றது. வாயில் வைத்து மெல்லும் பொருளுக்கு எக்காலத்திலும் ஆகாது. நீர் விட்டுக் கலந்தாலும் ஆகாது.

குளோரினுக்கும் ஒரு கோபம் உண்டு. புளிப்போடு சேர்ந்தால் அது விஷப் புகையாக மாறும். 1915-ஆம் வருஷம் ஏப்ரல் 22-ஆம் தேதி ஈப்ரு நகரத்தருகே ஜெர்மானியர் எதிரிகள்மேல் ஏவிவிட்ட பச்சைப் புகை இந்தக் குளோரின்தான். பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை கழுவும் ஆசிட்டையோ, வினிகரையோ, எலுமிச்சம் பழத்தையோ, புளியையோ சேர்த்தால், நம் வீட்டுக் குளியலறையிலேயே அந்த யுத்தத்தைச் சிறிய அளவில் நடத்தலாம். அம்மோனியா சேர்ந்த கண்ணாடி துடைக்கும் திரவமும் கூடாது. திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு என்று பொருள்படும் திந்திரிணி வனத்திலிருந்து வந்தது என்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் புளி போட்டுத் துலக்குவதில் கைதேர்ந்தவர்கள். அவர்களுக்கு நாம் செய்துகொள்ளும் விண்ணப்பம்: செம்புக்குப் புளி, பந்துக்குச் சோப்பு, வெள்ளத்துக்குப் பிளீச்சிங், ஒன்றோடு ஒன்றைக் கலக்க வேண்டாம்.

கடைசியாகச் செய்ய வேண்டியது காய வைப்பது. விழுப்புரம் ஜில்லாவின் வெயிலைப் பற்றி நாம் எத்தனையோ தடவை வசை பாடியிருக்கிறோம். அந்த வெயில் ஒரு காசு வாங்காமல் கிருமியைக் கொல்கிறது. துணியையும் கயிற்றையும் கொடியில் தொங்கவிட்டு, ஒரு முழு நாள் திருப்பித் திருப்பிக் காய விடுங்கள். ரப்பருக்கு மாத்திரம் ஒன்றிரண்டு மணி நேரம் போதும். நாள் கணக்கில் வெயிலில் கிடந்தால் வெடித்துப் போகும். வெடித்த இடமே கிருமிக்கு மறுபடியும் வீடு.

தூர எறிய வேண்டியவை எவை? 'கீச்' என்று கத்தும் வாத்தின் வயிற்றுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அதை எந்த மந்திரத்தாலும் சுத்தம் செய்ய முடியாது. அழுத்தும்போது கறுப்பு நீர் வந்தால் சந்தேகமே வேண்டாம். நூல் பிரிந்த கயிற்றை நாய் விழுங்கினால் குடலில் சுருக்கிட்டுக்கொள்ளும். அறுவைச் சிகிச்சையில் போய் முடியும். துண்டு துண்டாகப் பிய்ந்த ரப்பர், தொண்டைக்குள் போகக் கூடிய அளவுக்குச் சிறிய பந்து, சிலாம்பு எழும்பிய மரக்கட்டை, சாக்கடை வெள்ளத்தில் ஊறிய பஞ்சுப் பொம்மை ஆகியவற்றுக்கும் விடை கொடுத்துவிட வேண்டும். பழஞ் செருப்பைக் கொடுத்துப் பழக்குகிறவர்கள், மறுநாள் புதுச் செருப்பு போனால் நாயைக் கோபிக்க நியாயமில்லை. பழையது எது, புதியது எது என்று அதற்கு யார் சொன்னார்கள்? தேங்காய் மட்டையும் வேண்டாம். அதன் நார் குடலை அடைக்கும். அலமாரியில் போடும் நாப்தலின் உருண்டை விஷயத்தில் விசேஷ ஜாக்கிரதை தேவை. அது நாய்க்கு வெள்ளைப் பந்தாகவே தோன்றும். விழுங்கினால் கொடிய விஷம்.

புதுச் சாமான் வாங்கப் பணம் வேண்டுமே என்று கவலைப்படுவானேன்? கிழிந்த வேட்டியை அகலமான பட்டைகளாகக் கிழித்து, மூன்று புரியாய்ப் பின்னி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டால் முதல் தரமான விளையாட்டுச் சாமான் தயார். கொதிநீரில் போட்டு எடுக்கலாம். நைந்தால் எறிந்துவிட்டு வேறு பின்னலாம். கதர் வேட்டியானால் இன்னும் உறுதி. நாய்க்குச் சுதேசி, விதேசி என்ற பேதம் கிடையாதென்றாலும், நமக்கு ஒரு திருப்தி இருக்கட்டும்.

ஜனவரி மாதத்தில் பொங்கல் கழிந்து மறுபடியும் திண்டிவனம் போனோம். கொடியில் நண்பரின் வேட்டிக்குப் பக்கத்தில் ஒரு துணிப் பின்னல் தொங்கிக்கொண்டிருந்தது. கிணற்றடியில் 'மணி' என்று சாக்கட்டியால் எழுதிய வாளி ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. பினாயில் புட்டி பூட்டிய அலமாரிக்குள் போய்விட்டதாக நண்பர் தெரிவித்தார்.

நண்பரின் தாயாருக்கு ஒரே வெற்றிக் களிப்பு. "எச்சில், எச்சில் என்று நான் கத்தினால் பத்தாம்பசலி என்றீர்கள். எச்சில் பட்டதைத் தனியே வை, தொட்டால் கை கழுவு, வெயிலில் போடு என்று சொன்னேனா, இல்லையா? இப்போது டாக்டரும் அதையேதானே சொல்லுகிறார்!" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. வெந்நீரையும் பிளீச்சிங் பவுடரையும் மாத்திரம் அந்த அம்மாளின் சாஸ்திரத்தோடு சேர்த்துக்கொண்டால் போதும்.

மணி பழையபடி வாசற்படியில் நின்றது. உடம்பு சற்று இளைத்திருந்தது. ஆனால் வாயில் பந்து இருந்தது. அதை நம் காலடியில் வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கி, ஆவலோடு முகத்தைப் பார்த்தது. நாம் குனிந்து எடுத்தோம். வழவழப்பு இல்லை, வாசனையும் இல்லை. எறிந்தோம். மணி பாய்ந்தது, குழந்தையும் அதன் பின்னால் ஓடினாள்.

பலகாரத் தட்டு வந்தபோது குழந்தை நம் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாமா, பந்தைத் தொட்டீர்களே, சோப்புப் போட்டுக் கை கழுவினீர்களா?"

நாம் எழுந்து கிணற்றடிக்குப் போனோம்.